கறுப்படிக்காத சதுரம்

கோவையில் ஒரு மருத்துவக் கல்லூரியின் மரபணுப் பிரிவில், இறந்தவர்களைப் பற்றி விசாரிப்பது சென்னகிருஷ்ணனுக்கு உத்தியோகம். வரும் நோயாளியிடம் மூன்று தலைமுறையைக் கேட்டுக் குடும்ப வரைபடம் போட வேண்டும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், செத்தவர் மேல் ஒரு கோடு, நோய் கண்டவருக்குக் கறுப்பு மை. அந்தப் படங்களைக் காட்டித்தான் டாக்டர் அஃப்ரா மாணவர்களுக்குப் பாடம் நடத்துவார். நாற்பத்தாறு வயதுக்குள் ஆயிரக்கணக்கான பிணங்களை ஸ்கேல் வைத்து அடுக்கிய மனிதர் சென்னகிருஷ்ணன். மரியாதைக்காரர்; பிணத்துக்கும் ‘ங்க’ போடுவார்.

நம்மூரில் பரம்பரை நோயால் யாரும் சாவதில்லை. கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீட்டில் சாவு ஒன்றே ஒன்றுதான்: மாரடைப்பு. கிணற்றில் விழுந்தவரும் மாரடைப்பில்தான் விழுந்திருப்பார். போன ஞாயிறு, மகள் ஷ்ரவ்யாவைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் சென்னகிருஷ்ணனும் தம் அப்பா செத்ததற்கு அதையே காரணமாகச் சொன்னார். நிச்சயத்துக்கு நாள் குறித்தாயிற்று.

செவ்வாயன்று பவானியிலிருந்து பாலகோபால் வந்தார். ஐம்பது வயது. ஹண்டிங்டன் நோய். நாற்பதையொட்டிக் கைகால் தானாக ஆடத் தொடங்கும், புத்தி தடுமாறும், குணமாக்க மருந்தில்லை. பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவர் விரல்கள் கண்ணுக்குத் தெரியாத ஆர்மோனியம் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தன. அந்த வாசிப்பு சென்னகிருஷ்ணனுக்குப் பழக்கமானது.

“அப்பாவுக்கும் இதேதானுங்க. தாத்தாவுக்கும். தாத்தாவுக்கு உக்கடத்துல ரெண்டாவது ஊடு ஒண்ணு இருந்துச்சுங்க. எங்களுக்கும் அவங்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லீங்க.”

“அந்த ஊட்ல புள்ளைங்க?”

“ஒரே பையனுங்க, ரங்கராஜு. கடைசியில கட்டில்ல கட்டித்தான் வெச்சிருந்தாங்களாமா.”

பேனா நின்றது. கட்டியது சென்னகிருஷ்ணன்தான், பதினேழு வயதில், அம்மாவின் பழைய சேலையால்.

“அந்த ரங்கராஜுக்கு ஒரு பையன்னு கேள்வி. இருக்கானோ, போனானோ! அவனையும் போட்டுருங்க. யாரையும் உடக்கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க.”

போட்டார். சதுரத்தின் ஒரு பக்கம் நெளிந்திருந்தது. ஸ்கேல் வைத்துத்தான் போட்டிருந்தார்.

டாக்டர் அஃப்ரா வந்து படத்தைப் பார்த்தார். “இது யாருங்க? கீழ ஒண்ணுமே போடலையே?”

“நானுங்க டாக்டர்.”

டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “டெஸ்ட் கட்டாயமில்லீங்க. உங்களுக்கு வேணுமான்னு நீங்க சொல்லணும். பொண்ணுக்கு வேணுமான்னு பொண்ணு சொல்லணும்.”

பெண் சொல்ல வேண்டுமானால் பெண்ணுக்குத் தெரிய வேண்டும். சென்னகிருஷ்ணன் கீழே ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போனை எடுத்தார்.

“கண்ணு, உங்க தாத்தா செத்த நோவை மறைச்சுப்போட்டேன். நம்ம வம்சத்துல வாரது.”

“மாப்பிள்ளை ஊட்ல சொல்லீட்டீங்களாப்பா?”

“மொதல்ல உங்கிட்டச் சொல்றேன்.”

“அவங்களுக்கும் சொல்லீரலாம். நான் பக்கத்துலயே இருக்கறேன்.”

எதிரே பாலகோபால் எழுந்து நின்றிருந்தார். “அப்ப நான் உனக்கு அண்ணனாகோணும்” என்று கையை நீட்டினார். சென்னகிருஷ்ணன் பிடித்துக்கொண்டார். இரண்டில் எந்தக் கை ஆடுகிறது என்று டாக்டர் அஃப்ராவால் சொல்ல முடியவில்லை.