ஸ்டெல்லா டீச்சரின் பின்சக்கர பேரிங்

ஸ்டெல்லா டீச்சர் இறந்துவிட்டார். இன்று காலை, திருச்சி ஆஸ்பத்திரியில்.

வகுப்பில் இருந்தபோது அவருடைய தம்பி போன் செய்தார். அப்போதிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை... ஸ்டாஃப் ரூம், மரத்தடி, கேட், மறுபடியும் ஸ்டாஃப் ரூம். இதை டைப் செய்வதும் நின்றுகொண்டுதான்.

தெரியாதவர்களுக்கு... இலுப்பூரில் எங்கள் பள்ளியின் கணக்கு டீச்சர். ஊர் ஆவூர். அப்பா விட்டுப்போன பழைய பத்மினி காரில்தான் வருவார், போவார். நானும் அந்தப் பக்கம் என்பதால் முன் சீட்டில் எனக்கு ஓர் இடம் உண்டு.

அவருக்கும் உட்காரப் பிடிக்காது. பேப்பர் திருத்துவதுகூட ஜன்னல் கட்டையில் வைத்து, நின்றபடியே.

போன வருஷம் ஒருநாள் கார் ஓட்டிக்கொண்டிருந்தவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார். "சார், பின்னாடி ஒரு முனகல் கேக்குதா?"

எனக்குக் கேட்கவில்லை. சொன்னேன்.

"வளைவுல கேளுங்க."

வளைவிலும் கேட்கவில்லை. அவர் ஓரமாக நிறுத்தி, ஜாக்கி வைத்துத் தூக்கி, பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டார். அப்போது கேட்டது... கரகரவென்று, அரிசியில் கல் கிடந்து அரைபடுகிற மாதிரி.

ஆக்சில் பேரிங் போய்விட்டது. அந்தக் காரில் சக்கரமும் ஆக்சில் தண்டும் ஒன்றாகச் சேர்ந்தது. பேரிங்கும் அதை இறுக்கிப் பிடிக்கிற இரும்பு வளையமும் விட்டுவிட்டால், ஓடும்போதே சக்கரம் தண்டோடு வெளியே வந்துவிடும்.

அந்த வாரக் கடைசியில் குவைத்திலிருந்து தம்பி வருவதாக இருந்தது. அப்பா இறந்தபோது லீவு கிடைக்காமல் வர முடியாதவர். ஏர்போர்ட்டுக்கு அப்பா காரில்தான் போய் அழைப்பேன் என்று டீச்சர் முடிவு செய்திருந்தார்.

சனிக்கிழமை காலை இலுப்பூர் லேத் பட்டறையில் மெக்கானிக் முருகேசன் தண்டை இழுத்து வெளியே எடுத்தார். பழைய பேரிங்கை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு நானும் டீச்சரும் பஸ் ஏறிப் புதுக்கோட்டை போனோம்.

கடைக்காரர் ஒரே அளவில் இரண்டு எடுத்து வைத்தார். ஒன்று இரண்டு பக்கமும் மூடியது, கிரீஸ் உள்ளேயே இருக்கும். இன்னொன்று திறந்தது, நாம்தான் கிரீஸ் வைக்க வேண்டும்.

டீச்சர் இரண்டையும் விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்தார். காதில் வைத்தார். கீழே வைத்தார். மறுபடி எடுத்தார்.

"ரெண்டும் நல்லாத்தான் ஓடும் டீச்சர்," என்றார் கடைக்காரர்.

"ஓடும்ங்க... எனக்கு மனசு ஓடணும்ல."

கடைசியில் மூடியதை வாங்கினார், கூடவே புது வளையமும். பஸ்ஸில் திரும்பும்போது திறந்ததையே வாங்கியிருக்கலாமோ என்று ஆரம்பித்தார்.

பட்டறையில் ஒரே அவசரம். "சீக்கிரம், சீக்கிரம்" என்று டீச்சர் சுற்றிச் சுற்றி வந்தார். முருகேசன் பேரிங்கைத் தண்டில் அழுத்தி ஏற்றினார். வளையத்தைச் சூடாக்கி, இடுக்கியால் தூக்கி, தண்டில் இறக்கினார். வளையம் ஆறி இறுகிக்கொண்டது. டீச்சர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அப்புறம்தான் பார்த்தோம். பேரிங்குக்கு முன்னாலேயே தண்டில் கோர்த்திருக்க வேண்டிய தகடு, அதைத்தான் காரோடு சேர்த்து முடுக்க வேண்டும்... அது தரையில் கிடந்தது.

முருகேசன் குனிந்து அதை எடுத்துத் துடைத்தார்.

வளையத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டும். இழுக்கிற இழுப்பில் புது பேரிங்கும் கெட்டுப்போகும். முருகேசன் மெதுவாகச் சொன்னார், "நாளைக்கு ஒரு டாக்சி வச்சுக்கங்க டீச்சர். திங்கக்கெழம நிதானமாப் பாத்துக்கலாம்."

"அப்பா மொகத்தக் கடைசியா அவன் பாக்கலய்யா. வண்டியாவது போய் நிக்க வேணாமா?"

சொல்லிவிட்டு முருகேசனுடைய டிவிஎஸ் சாவியைக் கேட்டு வாங்கினார். நான் வருகிறேன் என்று சொல்வதற்குள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டார். நானும் முருகேசனும் பட்டறை வாசலில் மாறி மாறி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்...

வெயில் தாழ வந்து சேர்ந்தார். கடையில் மூடியது அந்த ஒன்றுதான் இருந்ததாம். திறந்ததையும் இன்னொரு வளையத்தையும் வாங்கி வந்திருந்தார். தானே கிரீஸை உருண்டைகளுக்கு நடுவே விரலால் அழுத்தி அழுத்தி வைத்தார். இந்தத் தடவை தகட்டை முதலில் அவரே தண்டில் கோர்த்து, அதைப் பிடித்தபடியே நின்றார்.

மறுநாள் ஏர்போர்ட்டுக்கு என்னையும் வரச் சொன்னார். வழியெல்லாம் தலையைச் சாய்த்துக்கொண்டே ஓட்டினார். ஒரு சத்தமும் இல்லை.

தம்பி பெட்டியை இறக்கி வைத்துவிட்டு காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். நான் முன் சீட்டிலிருந்து இறங்கி இடம் விட்டேன். அவர் பின் கதவைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்.

"ஏண்டா, முன்னாடி வாயேன்."

"அப்பா ஓட்டறப்ப இங்கதானக்கா என் எடம்."

டீச்சர் சாவியைப் போட்டுவிட்டு, திருப்பாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் அசையாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

போன வாரம் நெஞ்சில் சளி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் பார்க்கப் போனபோது கட்டிலில் காலைத் தொங்கப் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தார். ட்ரிப்ஸ் டியூபைக் காட்டி, "பாருங்க சார், கட்டிப் போட்டுட்டாங்க" என்றார்.

"ஞாயித்துக்கெழம வாரேன் டீச்சர்."

"வாங்க சார். வர்றப்ப பத்தாவது பேப்பர் கட்டையும் எடுத்தாங்க. சும்மா கெடக்க முடியல."

இன்று வெள்ளிக்கிழமை. கட்டு என் பையில்தான் இருக்கிறது.

நாளை மாலை ஆவூர் மாதா கோவிலில் பூசை, பிறகு அடக்கம். பழைய மாணவர்கள் முடிந்தவர்கள் வாருங்கள். உடல் இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறதாம். நான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டேன்... இங்கிட்டும் அங்கிட்டுமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

பஸ் வந்துவிட்டது.

வாரேன் டீச்சர்.