சேமக்காலைப் பதிவு கணினி மாறிய நாள்

எங்கள் பங்குக் கோயிலின் சேமக்காலைப் பதிவேடு வெள்ளத்தில் ஊறிக் கூழானதிலிருந்து, யார் எந்தக் குழியில் அடக்கம் என்பது அலுவலகத்துப் பழைய விண்டோஸ் கணினிக்கு மட்டுமே தெரியும். என் மனைவியின் பக்கத்து இடம் எனக்கு என்பதும் அதற்குள்தான் இருந்தது. அவளின் அடக்கத்தன்று பங்குத்தந்தை வாயால் சொல்லி, தானே பதிந்தார். மாவட்டக் கச்சேரியில் உத்தியோகம் பார்த்து, முப்பது வருடம் எல்லாவற்றையும் எழுத்தில் கேட்ட நான் அன்று கேட்கவில்லை.

ஆகவே அந்தத் தரவுத்தளத்தை லினக்ஸ் கணினி ஒன்றுக்கு மாற்றப்போகிறார்கள் என்று அறிந்ததும், அழையாமலே போய் உட்கார்ந்தேன். கணினி, வெளிநாட்டிலிருந்து யாரோ கொடுத்த அன்பளிப்பு. சும்மா வரும் எதையும் நான் இரண்டு முறை பார்ப்பவன்.

மாற்ற வந்தவள் ஆரையம்பதி ஊர்ப் பிள்ளை, பொறியியலாளர். பிரதி எடுத்தாயா, எத்தனை பதிவு போனது, எத்தனை வந்தது என்று கேட்டேன்.

"எல்லாம் ஒண்டுக்கொண்டு சரி சேர். நீங்களே பாருங்க."

சரியாகத்தான் இருந்தது. அதுதான் பிடிக்கவில்லை. முதல் தடவையிலேயே சரிவரும் கணக்குக் கோவை, யாரோ சரிப்படுத்திய கோவை.

"மகள், எண்ணிக்கை சரியெண்டா உள்ளுக்கு இரிக்கிறதும் சரியா?"

"மறுகா என்ன செய்யச் சொல்றீங்க?"

"ஏதாவது ஒரு பட்டியல் எடு."

ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் வீதி. சேமக்காலை விரிய இடமில்லை. பழைய குழிகளைத் திறந்துதான் புதியவர்களை வைக்கிறோம். அப்படித் திறக்கக்கூடியவற்றின் பட்டியலை, பழையது முதலாக எடுத்தாள். முதல் பெயர் என்னுடையது. இறந்த திகதி முழுக்கப் பூச்சியம்.

"இது ஆர் சேர், இவ்வளவு பழைய ஆள்?"

"நான்தான்."

பங்கு அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் இலிகிதர் எட்டிப் பார்த்தார். "என்ன சேர், எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லாமப் போயிட்டீங்க."

காரணம் சின்னது. இடம் மட்டும் ஒதுக்கியிருந்தவர்களுக்கு இறந்த திகதி வெறுமையாக இருந்தது. புதுக் கணினியில் வெறுமையெல்லாம் பூச்சியமாகிவிட்டது. பூச்சியத்தைவிடப் பழைய திகதி ஏது? அடுத்த சாவு வீட்டுக்கு என் இடத்தைத்தான் கொடுத்திருப்பார்கள்.

அவள் உடனே திருத்தப் போனாள். இலிகிதர் விடவில்லை.

"செத்த ஆளிட பதிவைச் சும்மா மாத்தேலா. உசிரோட இரிக்கிறதுக்குக் கடதாசி வேணும்."

அவர் இடத்தில் நானும் அதையேதான் கேட்டிருப்பேன். ஓய்வூதியத்துக்காகக் கிராம சேவகரிடம் எடுத்த உயிர்வாழ் சான்றிதழின் பிரதி பையிலேயே இருந்தது. நீட்டினேன். இடம் ஒதுக்கிய மற்றவர்களை ஞாயிறு பூசையில் கண்டதாகச் சொல்லிக் கடதாசியில்லாமலே விட்டுவிட்டார். என்னையும் அதே பூசையில் கண்டவர்தான்.

பூச்சியங்களை அழித்து மறுபடி பட்டியல் எடுத்தாள். என் பெயர் இல்லை.

"இப்ப நம்புறீங்களா சேர்?"

"இடத்தையும் ஒருக்காப் பாத்திட்டுச் சொல்றன்."

நேரே சேமக்காலைக்குப் போனேன். மனைவியின் கல்லுக்குப் பக்கத்தில், எனக்குரிய நீள அகலத்தில், ஒரு மாடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. விரட்ட மனம் வரவில்லை. அது எழும்பிப் போகும்வரை நின்றேன்.