தொட்டிக்கு மூன்று படி

முழுக்கு ஞானஸ்நானத்தன்று தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பெண்களுக்கு வெள்ளை அங்கி மாட்டி, கைபிடித்துப் படியில் இறக்கிவிடுவதுதான் மைசூரில் எங்கள் சபையில் என் வேலை. பதினோரு வருஷத்தில், நடுங்காமல் இறங்கின ஒருத்தியையும் நான் பார்த்ததில்லை. உங்களுக்கும் தண்ணீர் என்றால் பயமா? அப்படியானால் நாம் ஒரே பெஞ்சு. எட்டு வயசில் கொள்ளேகால் பக்கம் வாய்க்காலில் கால் வழுக்கி மூழ்கப் பார்த்தவள் நான். தலைக்குக் குளிப்பதென்றால்கூட குளியலறைக் கதவுக்கு வெளியே ஓர் ஆளை நிறுத்திவிட்டுத்தான் குளிப்பேன். கைக்குழந்தையில் வேறொரு சபையில் தலையில் தெளித்ததோடு சரி. இந்தத் தொட்டிக்குள் இறங்கியதே இல்லை. பாஸ்டர் கேட்டால், "விசுவாசம்தானே இரட்சிக்குது, தண்ணியா?" என்று அவர் பிரசங்கத்தையே அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

எடை

தண்ணீரில் அங்கி குடை மாதிரி மேலே எழும்பிவிடும். அதனால் கீழ் மடிப்பில் எட்டு இரும்பு வாஷர் வைத்துத் தைத்திருப்பேன். ஹெப்பாளில் ஃபேக்டரி வேலைக்குப் போகிற செல்வி முழுக்குக்கு வந்த அன்று அங்கியைக் கையில் வாங்கினாள். மடிப்பில் கிணுகிணு என்று சத்தம். முகம் வெளுத்துவிட்டது.

"பாவ பாரத்தை இறக்கி வைக்கத்தானே ஆன்ட்டி வந்தேன், நீங்க இரும்பைக் கட்டி இறக்குறீங்களே!"

ஏழு தரம்

ராஜம்மா தேவராஜ மொஹல்லாவில் பூ விற்கிறவள். வாய் ரொம்ப மோசம். முழுகின மறு வாரமே அழுதுகொண்டு ஓடிவந்தாள். பேரம் பேசின ஒருத்தியைப் பாட்டன் முப்பாட்டன் வரை இழுத்துத் திட்டிவிட்டாளாம். "அய்யோ தேவரே, எல்லாம் போச்சு, இன்னொரு தரம் முக்கிவிடுங்க" என்று பாஸ்டர் காலில் விழாத குறை.

பாஸ்டர் சொன்னார்: "நல்லவளா இருக்கேன்னா ஆண்டவர் உன்னைச் சேத்துக்கிட்டார்? நம்பி வந்தே, சேத்துக்கிட்டார். பிறந்த பிள்ளை விழும், எழும். வளரும்மா."

இரண்டு மாசம் கழித்துப் பூ வாங்கப் போனபோது, வாய் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நேத்து பத்துத் தரம் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சுக்கா, ஏழு தரம்தான் திட்டினேன்."

கட்டிலில் ஒரு கேள்வி

மாராயி அம்மா ஹனூரிலிருந்து மகன் வீட்டுக்கு இருதய வைத்தியத்துக்கு வந்தவர், விசுவாசத்துக்குப் புதுசு. தண்ணீரில் முழுகவே கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். முழுகாமல் செத்தால் நரகம்தான் என்று எவரோ பயமுறுத்திவிட, அவருக்குச் சோறு இறங்கவில்லை. பாஸ்டர் ஊரில் இல்லாததால் நான் போனேன். ஆண்டவருக்குப் பக்கத்துச் சிலுவையில் தொங்கின கள்ளன் எந்தத் தண்ணீரில் முழுகினான், என்னை மறந்துவிடாதீர் என்று நம்பிக் கேட்டதுதானே அவனை இரட்சித்தது என்றேன். அவருக்குப் பதற்றம் கொஞ்சம் தணிந்தது.

"நீங்க முழுகறப்ப பயமா இருந்துச்சுங்களா?" என்றார் மெதுவாக.

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. நான் முழுகினதில்லை என்றேன். தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஒடம்பு முடியாத நானே முழுகோணும்னு தவிக்கறேன், நல்லா இருக்கற உங்களுக்கு என்னங்க தடை?"

மூன்றாம் படி

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கள்ளனுக்கு இறங்க வழியில்லை. எனக்கோ நானே நிரப்புகிற தொட்டி. மூன்று படி இறங்காத விசுவாசம் விசுவாசம்தானா, இல்லை, என் பயத்துக்கு நான் மாட்டிவிட்ட வெள்ளை அங்கியா? தண்ணீரைவிட அந்த நினைப்புதான் என்னை உலுக்கியது. அடுத்த முழுக்குக்குப் பேர் கொடுத்தேன்.

செல்விதான் அங்கி மாட்டி இறக்கிவிட்டாள். மூன்றாம் படியில் தண்ணீர் இடுப்பைத் தொட்டதும் அந்த வாய்க்கால் கண்முன் வந்துவிட்டது. படியோரக் கம்பியைப் பிடித்த கை பிடித்தபடியே. பாஸ்டர் கை நீட்டி நிற்கிறார். சபையார் பாட்டே முடிந்துவிட்டது. "பயம் போகட்டும், அடுத்த தரம் வரேன்" என்றேன். செல்வி குனிந்து என் விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து எடுத்தாள்.

"பயத்தோடவே போங்க ஆன்ட்டி, பயம் போனவங்கதான் இறங்கணும்னா இந்தத் தொட்டி காஞ்சுல்ல கெடக்கும்!"

முழுகி எழுந்த நான் இன்றைக்கும் குழாயைப் பிடித்துக்கொண்டுதான் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன், ஆனால் குளியலறைக் கதவுக்கு வெளியே ஆளை நிறுத்துவதை விட்டுவிட்டேன்.