இஸ்திரி மேசைக்கு ஒரு முக்காலி

தங்கும் விடுதியின் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் இஸ்திரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சுருக்கத்தோடு ஒரு விரிப்பைக்கூடக் கையை விட்டு அனுப்பியவள் அல்ல. அப்படிப்பட்டவளைக் கொரோனா ஓர் உலுக்கு உலுக்கிவிட்டுப் போனது. காய்ச்சல் போயிற்று, அசதி போகவில்லை. மேசை முன்னால் நின்றால் நெஞ்சு படபடக்கும், கண் இருட்டும். கொஞ்சம் தேறிய நாளில் விட்ட வேலையெல்லாம் இழுத்துப் போட்டுச் செய்வாள். மறுநாள் அடித்துப் போட்டாற்போலக் கிடப்பாள்.

எடுத்த பரிசோதனைகளில் குறை ஒன்றும் தெரியவில்லை. வீட்டோடு இருந்த நாத்தனார் ஒரு நாள் நடிப்பு என்றாள், மறுநாள் அவள் போட்டுக்கொண்ட தடுப்பூசியின் வேலை என்றாள். கணவர் பாவம், இரண்டுக்கும் தலையாட்டினார். நின்று தேய்க்க முடியாதென்றால் வேறு ஆள் பார்ப்பதாகக் கூடத்து மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். அந்த மேசையும் போய்விட்டால் தான் யார் என்பதுதான் அவள் பயம்.

பெரிய ஆஸ்பத்திரியில் இந்த மாதிரி ஓயாத தொல்லைகளை ஆராய்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், ஆண்டவன் காட்டிய வழி என்று பெயர் கொடுத்தாள். படித்தவர்கள் முன்னால் துவண்டு போய் நிற்பது மரியாதையா? போகுமுன் சில நாள் நன்றாகப் படுத்து எழுந்தாள், வயிறு முட்டத் தண்ணீர் குடித்தாள், நல்ல உடுப்பாகத் தேய்த்து உடுத்திக்கொண்டாள். அங்கே படுக்க வைத்தார்கள், நிற்க வைத்தார்கள், நாடி பார்த்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. துணைக்கு வந்த நாத்தனார் ஒரு பார்வை பார்த்தாள். அதற்கு இரண்டு அடியே வாங்கியிருக்கலாம்.

அங்கே சோதித்த டாக்டரம்மா விடவில்லை. அந்த வாரம் எப்படிப் போயிற்று என்று நோண்டிக் கேட்டார். அவள் ஒளிக்காமல் சொன்னதும் சிரித்துவிட்டார்.

"ஏம்மா, கசங்கலைப் பாக்கத்தான் கூப்பிட்டோம். நீங்க தேச்சு மடிச்சுக் கொண்டாந்தா எப்படி?"

அடுத்த முறை வீட்டு வேலையெல்லாம் வழக்கம்போல் பார்த்துவிட்டு, வாடிய முகத்தோடு போனாள். எழுந்து நின்ற சற்று நேரத்தில் நாடி தறிகெட்டு ஓடியது. கருவியின் எண் ஏறிக்கொண்டே போக, நாத்தனார் எட்டி எட்டிப் பார்த்தாள். ஆனாலும் ஊசியை விட மனசில்லாமல், தடுப்பூசியால் வந்ததுதானே என்று கேட்டாள்.

"இவங்களுக்கு ஊசிக்கு முன்னாடியே, அந்தக் காய்ச்சலோட ஆரம்பிச்சிருக்கு," என்றார் டாக்டரம்மா. "ஊசிக்கப்புறம் தொல்லைன்னு வர்ற சில பேரையும் தனியா ஆராயறாங்க. அது இன்னும் முழுசாத் தெரியல. தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன். இவங்க நடிக்கலங்கறது மட்டும் நல்லாத் தெரியுது."

அந்த ஒரு சொல்லுக்கே அவள் கண் நிறைந்தது.

அடியோடு தீர்க்க மருந்து இன்னும் வரவில்லையாம். இறுக்கமான காலுறை, போதிய தண்ணீர், களைக்கும் முன்பே ஓய்வு, உட்கார்ந்தபடி வேலை. உட்கார்ந்தா? அந்தக் கூடத்தில் உட்கார்ந்து தேய்ப்பவளைச் சோம்பேறி என்றுதான் சொல்வார்கள். மேற்பார்வையாளரும் முணுமுணுத்துக்கொண்டேதான் சம்மதித்தார்.

வேலைக்குத் திரும்பிய காலையில் உயரமான முக்காலி ஒன்றைச் சுமந்து வந்து மேசை முன் போட்டது யார் என்கிறீர்கள்? அந்த நாத்தனாரேதான்.

"உக்காரு. எவனாவது எழுந்திருன்னு சொல்லட்டும், நான் பேசிக்கறேன்."

ஆண்டவனை நினைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெட்டி சூடேறியது. நடுநடுவே கண்ணை மூடி இளைப்பாறினாள். நெஞ்சு அடங்கியே இருந்தது. சாயங்காலம் மேற்பார்வையாளர் விரிப்புகளைப் புரட்டிப் புரட்டிச் சுருக்கம் தேடினார். அகப்படவில்லை. விரிப்புகளைத் திரும்ப அடுக்கி வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் மடிப்பு மேசைக்கும் ஒரு முக்காலி வந்தது. முழங்கால் வலிக்காரி ஒருத்தி கேட்டாளாம். வாங்கி வந்தவர் மேற்பார்வையாளர்.