அவிய காத்திருக்க மாட்டாவ

கோவில்பட்டியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடி ஒரு கவிதையை எடுத்துப் பேசுவோம். அந்த மாதம் என் முறை. சாகக் கிடக்கும் அப்பாவிடம் மகள் சொல்வதாக ஒரு கவிதை. நீங்கள் முன்னால் போங்கள், அங்கே விளக்கேற்றி வாசலில் காத்திருங்கள், நான் வந்துவிடுவேன் என்கிறாள்.

அம்மாவுக்கு அப்போது ஈரலில் புற்றுநோய். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் மாத்திரை, கஞ்சி தாண்டி நாங்கள் எதுவும் பேசிக்கொண்டதில்லை.

ஒரு மத்தியானம், அவள் தூங்குகிறாள் என்று நினைத்து, கூட்டத்தில் பேசப்போவதைப் பக்கத்து அறையில் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுமை என்பது இருப்பவர்கள் தங்கள் ஆறுதலுக்குக் கட்டிக்கொள்ளும் வீடு என்பது என் விளக்கம்.

"ஏலே, யாருகிட்ட பேசுத?"

"ஒண்ணுமில்லம்மா, கூட்டத்துக்கு ஒரு கவிதை."

"எனக்கும் வாசி."

தயங்கித் தயங்கி வாசித்தேன்.

"அந்தப் பிள்ளை பாசத்துல சொல்லுது. ஆனா அவிய காத்திருக்க மாட்டாவ."

"ஏன்?"

"வாசல்ல உக்காந்தா பிள்ளை எப்ப வரும் எப்ப வரும்னுதான மனசு கிடக்கும்? பிள்ளை சீக்கிரம் வரணும்னு பெத்தவிய நினைப்பாவளா? அது மெதுவா வரட்டும்."

கட்டிலில் உட்கார்ந்தேன். "அப்ப நீயும் எனக்காகக் காத்திருக்க மாட்டியா?"

"மாட்டேன்." சிரித்தாள். "எனக்கு அங்கன சோலி இருக்கு. நான் பால்குடி மறக்கதுக்கு முன்னாலயே எங்கம்மை போயிட்டா. அவ முகத்தப் பாக்கணும்."

கயத்தாறில் அப்பாவோடு கடை நடத்தியவள், என்னைப் பெற்றவள் என்றுதான் அவளை அறிந்திருந்தேன். அவளும் ஒருத்தியின் மகள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

"முகம் தெரியாம எப்படிம்மா கண்டுபிடிப்ப?"

"அவளுக்கு என்னயத் தெரியும்லா?"

அதன் பிறகு எல்லாம் பேச முடிந்தது. போன பிறகு பச்சைச் சேலைதான் கட்டிவிட வேண்டும், தூக்கும்போது கொட்டு வேண்டாம் என்றாள். கடை ஆரம்பித்த புதிதில் அப்பாவோடு போட்ட சண்டைகளைச் சொல்லிச் சிரித்தாள்.

கூட்டத்தில் இரண்டு விளக்கங்களையும் சொன்னேன். அம்மா சொன்னதற்குக் கவிதையில் ஆதாரம் இல்லை என்றார் ஒரு நண்பர். இருக்கலாம். நான் வாதாடவில்லை.

ஐப்பசி மழையில் கரிசலில் உளுந்து முளைத்திருந்த ஒரு காலையில் அம்மா போனாள். அழுதேன். ஆனால் சொல்லாமல் விட்டது என்று எங்களிடையே எதுவும் மிச்சமில்லை. அந்தக் கவிதையை எழுதியவரை நான் பார்த்ததில்லை. என்றாவது பார்த்தால் கையைப் பிடித்து நன்றி சொல்ல வேண்டும்.