மதிலைத் தாண்டிய நீல வயர்

கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டையில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடையில் இடுப்பளவு மதில்தான். நான் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த கணித ஆசிரியை. பக்கத்து வீட்டு முஸ்லிம் அண்ணனை எல்லோரையும் போல நானும் நானா என்றே கூப்பிடுவேன்; அவர் கெலிஓயாவில் ரேடியோ, டிவி திருத்தும் கடை வைத்திருந்தார். என்னிடம் ஒரு பழைய கொம்பியூட்டர்; அவரிடம் புதியதும் கூடவே ஒரு பிரிண்டரும். பரீட்சைத் தாளை டைப் செய்து, பிளொப்பித் தட்டில் ஏற்றி, மதிலுக்கு மேலால் நீட்டுவேன். பாதி நாட்களில் பிளொப்பி திறக்காது.

ஒரு சனிக்கிழமை நானா நீல நிற நெட்வேர்க் வயரோடு வந்தார். என் யன்னலிலிருந்து தன் யன்னல்வரை அதை இழுத்து, இரண்டு முனைகளையும் கொம்பியூட்டர்களில் செருகினார். ஒன்றும் நடக்கவில்லை. பின்னேரம்வரை மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தோம். மறுநாள் யாரிடமோ விசாரித்துக்கொண்டு சிரித்தபடி வந்தார்.

“பிழை எங்கட தான் டீச்சர். ரெண்டு கொம்பியூட்டர நேரா தொடுக்கிறதுக்கு ஒரு பக்கத்துக் கம்பிய இடம் மாத்திப் போடோணுமாம்.”

ஒரு முனையை வெட்டி, பச்சைச் சோடியையும் செம்மஞ்சள் சோடியையும் இடம் மாற்றிப் புதுச் செருகியில் வைத்து நெரித்தார். செருகியதும் வயர் சேருமிடத்தில் சின்ன விளக்கு எரிந்தது. ஐந்து நிமிடத்தில் என் கேள்வித்தாள் அவர் வீட்டில் அச்சாகி வந்தது. நான் கைதட்டிவிட்டேன்.

சில மாதம் கழித்து, கொழும்பில் குண்டு வெடித்த மறுநாள் காலை, எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகச் சோதனை நடந்தது. என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருப்பதைப் பார்த்த பொலிஸ் அதிகாரியின் கண் யன்னலுக்குப் போயிற்று. இந்த வயர் எங்கே போகிறது என்று சிங்களத்தில் கேட்டார். எனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் பக்கத்து வீட்டுக்கு என்று சொல்லிக் கைகாட்டினேன்.

மதிலுக்கு அப்பாலிருந்து நானாவின் குரல் கேட்டது. அந்த வயரைப் போட்டது தான்தான், டீச்சரின் பரீட்சைத் தாளைத் தன் வீட்டில் அச்சடிக்கத்தான் அது, கேட்பதைத் தன்னிடம் கேட்கும்படி சரளமான சிங்களத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். அதிகாரி நம்பவில்லை, செய்து காட்டச் சொன்னார்.

முதலில் கண்ணில் பட்டதை அச்சுக்கு அனுப்பினேன். நானாவின் மனைவி தாளை மதிலுக்கு மேலால் கொடுத்தார். அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எட்டாம் வகுப்பு கேத்திரகணிதம், முழுவதும் முக்கோணங்கள். தன் மகளுக்கும் இது மண்டையில் ஏறுவதே இல்லை என்று சொல்லி, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

அவர் போனதும் யன்னலடிக்குப் போய் வயரைப் பிடித்தேன்.

“நானா, இதைக் கழட்டி விடுவம். என்னால உங்களுக்கு ஏன் கரைச்சல்?”

“டீச்சருக்குப் பயமா ஈந்தா கழட்டுங்க. எங்களுக்கு ஒரு கரைச்சலும் இல்ல.”

பயமாகத்தான் இருந்தது. அன்றே கழற்றிச் சுருட்டி அலுமாரியில் வைத்தேன். இரண்டு கிழமை மறுபடியும் பிளொப்பியோடு மல்லுக்கட்டினேன். தவணைப் பரீட்சை நெருங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானே வயரை எடுத்துக்கொண்டு மதிலடிக்குப் போய், மற்ற முனையைப் பிடிக்கச் சொல்லி அவரைக் கூப்பிட்டேன்.