முன் இருக்கையில் என் தங்கை

இன்று டிசம்பர் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு. எனக்கு எழுபத்தேழு வயதும் நான்கு மாதங்களும் ஆகின்றன.

காலையில் மும்பை மாட்டுங்காவிலிருந்து குடும்பத்தோடு தாணே தாண்டிப் போனோம். ஒரு கார் சங்கம் வாடகைக்கு எடுத்திருந்த ஓடுதளத்தில், என் மகனின் பெட்ரோல் செடானுக்கும் தங்கை மகனின் மின்சாரச் செடானுக்கும் போட்டி. நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தை எது முதலில் எட்டும் என்று பார்க்க வேண்டும்.

மின்சாரக் காரின் முன் இருக்கையில் தங்கை சரோஜா ஏறி அமர்ந்தாள். நானும் என் மகனுடைய காரின் கதவைத் திறந்தேன்.

"அம்மா, நீ வேண்டாம். வெயிட் கூடினா டைம் போயிடும்" என்றான்.

நான் இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்றவள். அவன் சொன்னது சரி என்பதுதான் எரிச்சலைக் கூட்டியது.

சரோஜா என்னைவிடக் கனமானவள். அவளையும் சுமந்துகொண்டு அந்தக் கார் சத்தமே இல்லாமல் முந்தியது. என் மகனின் கார் ஊரைக் கூட்டும் உறுமலோடு பின்னால் வந்தது.

"க்யா ரே, ஸ்டார்ட்லயே தூங்கிட்டியா?" என்று தங்கை மகன் சிரித்தான்.

மகன் தோற்றதில் எனக்கு வருத்தமில்லை. இறங்கிவந்த சரோஜாவின் முகத்தைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

"அக்கா, முதுகை அப்படியே ஸீட்டோட ஒட்ட வெச்சுடுத்து! நீ ஏறாததே நல்லது. உனக்குத்தான் கார்னாலே தலை சுத்துமே."

சரோஜாவும் இதைப் படிக்கட்டும். எனக்குக் காரில் ஒருநாளும் தலை சுற்றியதில்லை. கல்யாணமான புதிதில், முன் இருக்கை எப்போதும் மாமியாருக்கே என்றானபோது, பின்னால் நசுங்காமல் வீட்டிலேயே இருந்துகொள்ள நான் கண்டுபிடித்த வியாதி அது.

இன்றோடு குணமாகிவிட்டது. வேகமான கார் வைத்திருப்பவர்கள் இந்தப் பதிவின் கீழே எழுதலாம்.